மறைப்பேனோ?

நேயர்களே, வணக்கம். குசினியில் வேலையோடு கேட்கிறவர்களுக்கும், ஓட்டோவுக்குள் இருந்து கேட்கிறவர்களுக்கும் வணக்கம்.

பல வருடங்களாக என்னை விடாத ஒரு அதிகாரம் உண்டு. வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமம் 18. சோதோம் என்ற ஊரின் அக்கிரமத்தைப் பற்றிய முறைப்பாடு கடவுளிடம் வந்திருக்கிறது. அவர் தமக்குள்ளே கேட்கிறார்: "நான் செய்யப்போகிறதை ஆபிரகாமுக்கு மறைப்பேனோ?"

மறைப்பேனோ! ஆபிரகாம் யார்? கூடாரத்தில் வாழ்கிற வயோதிபர். அவருக்குச் சொல்லவேண்டிய கட்டாயம் கடவுளுக்கு எதுவும் இல்லை. ஆனாலும் சொன்னார். சொன்னதும் ஆபிரகாம் பேரம் பேசத் தொடங்கிவிட்டார். ஐம்பது நீதிமான்கள் இருந்தால் அந்த ஊரைக் காப்பீரோ? 45? 40? 30? 20? 10? சுன்னாகம் சந்தையில் மரவள்ளி வாங்குகிறவர்கூட இரண்டு தரம் கேட்டபின் கூச்சப்பட்டு நிறுத்திவிடுவார். ஆபிரகாம் ஆறு தரம் கேட்டார். ஆறு தரமும் "அழிப்பதில்லை" என்றே பதில் வந்தது. அதுவும் தனக்காகக் கேட்கவில்லை, பாருங்கள். இன்னொரு ஊருக்காகக் கேட்டார். "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று முகத்துக்கு நேரே கேட்டார். அந்தக் கேள்விக்காகக் கடவுள் அவரைக் கோபிக்கவில்லை.

இது ஏன் எனக்கு இவ்வளவு பெரிதாகப் படுகிறது? ஒரு காணி விஷயமாக ஒரு அலுவலகத்துக்கு மாதக்கணக்கில் நடந்தேன். கடைசியில் விண்ணப்பம் திரும்பி வந்தது. காரணம் கேட்டேன். "காரணம் சொல்லத் தேவையில்லை" என்றார்கள். காணி கிடைக்காததைவிட அந்த வார்த்தைதான் சுட்டது. அன்று இரவு இந்த அதிகாரத்தைத் திறந்தேன். எல்லாம் செய்ய வல்லவர், காரணத்தைத் தாமாகவே வந்து சொல்கிறார்! சோதோமில் பத்துப் பேரும் இருக்கவில்லை, ஊர் அழிந்தது, உண்மைதான். ஆனால் தீர்ப்பு இருட்டில் எழுதப்படவில்லை.

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான நம் தேசவழமையை எடுங்கள். வாய்வழியாக இருந்த வழக்கங்களை 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் ஏற்றினார்கள். உள்ளூர்த் தலைவர்களான பன்னிரண்டு முதலியார்மார் அதைப் பார்த்து ஒப்புக்கொண்டார்கள். எழுதி வைத்த சட்டம் என்றால், இப்படித்தானே இருக்கிறது என்று யாரும் எடுத்துக் காட்டலாம். வேதாகமத்தில் இது இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஏழு வருடத்துக்கு ஒரு தடவை, கூடாரப் பண்டிகையில், சட்டம் முழுவதையும் ஆண்கள், பெண்கள், பிள்ளைகள், ஊரில் தங்கியிருக்கிற அந்நியர் எல்லோரும் கேட்க வாசிக்கவேண்டும் என்று உபாகமம் 31 சொல்கிறது. அந்நியருக்கும், கவனியுங்கள். சட்டம் தெரிந்த மக்களை ஏமாற்றுவது கடினம். தம்முடைய நீதியைத் தம் மக்கள் கையிலேயே கொடுத்துவிடுகிற கடவுள் இவர்.

சரி, கண்ணாடிக்கு அப்பால் இருந்து கை காட்டுகிறார்கள். யோபுவைப் பற்றியும் சொல்ல நினைத்திருந்தேன், நேரம் இல்லை. ஒன்றே ஒன்று. எண்ணாகமம் 27. செலோப்பியாத் என்பவருக்கு ஆண்பிள்ளை இல்லை, ஐந்து பெண்பிள்ளைகள். தகப்பனின் காணிப் பங்கை எங்களுக்குத் தாருங்கள் என்று மோசேயிடமும் சபைக்கு முன்பாகவும் வந்து நின்றார்கள். மோசே அதைக் கடவுளிடம் கொண்டுபோனார். கடவுள் சொன்ன பதிலின் முதல் வரி: செலோப்பியாத்தின் குமாரத்திகள் சொல்லுகிறது சரிதான்.

வணக்கம்.