சைதாப்பேட்டைக் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பலகை

எல்லாருக்கும் வணக்கம். பள்ளிக்கூட நாட்களில் தினமும் இரண்டு தடவை மறைமலையடிகள் பாலத்தைச் சைக்கிளில் தாண்டியவன் நான். சைதாப்பேட்டைப் பக்கம் ஓரமாக ஒரு பழைய கல்வெட்டு இருக்கிறதே, அதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், அது என்ன என்று யாரிடமும் கேட்கத் தோன்றியதில்லை. கேட்டிருந்தாலும் சொல்ல ஆள் இல்லை. ஏனென்றால் அதில் இருப்பது பாரசீகம், ஆர்மீனியம், லத்தீன். நம் எழுத்து ஒன்றுகூட இல்லை.

கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர், மணிலா வரை வியாபாரம் செய்தவர், பிறகு சென்னையிலேயே தங்கிவிட்டார். பரங்கிமலைக்குப் போகிற ஜனங்கள் அடையாற்றைத் தாண்டச் சிரமப்படுகிறார்களே என்று 1726-இல் சொந்தப் பணத்தில், 30,000 வராகன் என்று சொல்கிறார்கள், அங்கே பாலம் கட்டினார். மலைக்கு ஏறும் படிகளும் அவர் செலவுதான். பழைய பாலம் போய் இப்போது புதுப் பாலம் இருக்கிறது, கல் மட்டும் மிச்சம். அரண்மனைக்காரர் இல்லை, கவர்னர் இல்லை, ஊருக்குள் பிழைக்க வந்த ஒருவர் ஊருக்குச் செய்தது இது, அதனாலேயே எனக்கு இந்தக் கல் மேல் தனிப் பிரியம்.

நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மையத்துக்குள் இன்னொரு கல் இருக்கிறது. 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் வானாய்வகம் கட்டியபோது கருவியைத் தாங்க நிறுத்திய கருங்கல் தூண், 15 அடி உயரம். ஆயிரம் வருஷம் கழித்து வருகிறவர்களுக்கும் தெரிய வேண்டும் என்று அதில் எழுதி வைத்தார்கள். கம்பெனியின் பெருமையைப் பேசுகிற வாசகம்தான், சரி. ஆனால் அதைத் தமிழிலும் தெலுங்கிலும்கூடச் செதுக்கினார்கள். 230 வருஷத்துக்கு முன்னால் அவர்களுக்கே தோன்றியிருக்கிறது, இந்த ஊர்க்காரன் படிக்க வேண்டுமென்றால் அவன் மொழியில் இருக்க வேண்டும் என்று.

உயர் நீதிமன்றச் சுவரில் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் குண்டு போட்டதற்கு ஒரு பலகை பதித்திருக்கிறார்கள், 1914 செப்டம்பர் 22 இரவு. அது பலருக்குத் தெரியும், ஏனென்றால் எம்டன் என்ற சொல்லே நம் வீட்டுப் பேச்சுக்குள் வந்துவிட்டது. உஸ்கானுக்கு அப்படி ஒரு அதிர்ஷ்டம் அமையவில்லை.

அதனால் நான் கேட்பது இவ்வளவுதான். அந்தக் கல்லுக்குப் பக்கத்தில், நடந்து போகிறவர் கண்ணுக்கு நேராக, தமிழில் ஒரு பலகை வையுங்கள். நான்கு வரி போதும். யார், எப்போது, எதற்காக. அந்தப் பாலத்துக்குக் கல் உடைத்து, தண்ணீருக்குள் இறங்கி நின்று கட்டினவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. ஒரு வரி அவர்களுக்கும் இருக்கட்டும்.

கூட்டம் முடிந்ததும் நான் பாலம் வரை நடக்கப் போகிறேன். வருகிறவர்கள் சேர்ந்து வாருங்கள், இருட்டுவதற்குள் போனால் எழுத்து தெரியும்.