டியூப் சொல்லும் சேதி

நேயர்களுக்கு வணக்கம். நம் பர்மாவில் சைக்கிள் என்றாலே மோட்டார் சைக்கிள்தான். பெகுவில் புறப்பட்டு, சித்தாங் பாலம் தாண்டி, தட்டோன் வழியாக மோல்மேன் வரை அதிலேயே போய்வருகிறோம். 110, 125 சிசி வண்டிகளில் பெரும்பாலும் டியூப் போட்ட டயர்தான். மழை மாதங்களில் பஞ்சர் கூடுதல். ஈர ரப்பரில் ஆணியும் கண்ணாடிச் சில்லும் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும்.

காற்று இறங்கியதும் முதலில் கொஞ்சம் காற்றடித்து, வால்வு வாயில் எச்சில் தொட்டு வையுங்கள். குமிழி வந்தால் கோளாறு வால்வு ஊசியில். டயரைத் தொடவே வேண்டாம். வரவில்லையா? சென்டர் ஸ்டாண்ட் போடுங்கள். ஒட்டுப் போட மட்டும் என்றால் சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை. செயின் இல்லாத பக்கம் டயர் விளிம்பை மிதித்துத் தளர்த்தி, லீவர் போடும் இடத்துக்கு நேர் எதிரே உள்ள விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்தில் தள்ளுங்கள். பிறகு இரண்டு லீவரே போதும்.

இங்கேதான் கவனம் வேண்டும். வால்வு நட்டைத் தளர்த்துங்கள், ஆனால் வால்வை அதன் துளையிலேயே விட்டு, டியூபை மட்டும் வெளியே இழுங்கள். அப்போது டியூபில் ஓட்டை எங்கே இருக்கிறதோ, அதற்கு நேரே டயரில் குற்றவாளி இருப்பான். ஓட்டை வெளிப்பக்கம் இருந்தால் ஆணி, முள். ரிம் பக்கம் இருந்தால் ஸ்போக் முனை குத்தியிருக்கிறது; ரிம் பட்டை விலகியிருக்கும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல் இருந்தால், காற்றுக் குறைவாகக் குழியில் இறங்கி, டியூப் ரிம்மில் நசுங்கியிருக்கிறது. மறுபடி சொல்கிறேன், காரணம் கிடைக்காமல் ஒட்டாதீர்கள். டயருக்குள் துணியால் துடைத்துப் பாருங்கள். நூல் மாட்டுகிற இடத்தில் முனை இருக்கும். வெறும் விரலை விட்டால் கிழித்துவிடும்.

ஒட்டுத் துண்டைவிடச் சற்று அகலமாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சொல்யூஷன் பசையை மெல்லிசாகத் தடவி, ஐந்து நிமிடம் பொறுங்கள். பளபளப்பு போக வேண்டும், விரலில் ஒட்டக்கூடாது. ஈரத்தோடு ஒட்டிய ஒட்டு வெயிலில் சூடேறியதும் நழுவும். அவசரத்தில் எல்லோரும் தவறுவது இங்கேதான்.

மாட்டும்போது டியூபுக்கு உருண்டு நிற்கிற அளவு காற்று கொடுங்கள். வால்வுக்கு எதிரே ஆரம்பித்து வால்வில் முடியுங்கள். முடிக்குமுன் வால்வைக் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டால் டியூப் விளிம்பில் சிக்காது. கடைசி ஒரு சாண் விளிம்பை லீவர் இல்லாமல் உள்ளங்கையால் தள்ளுங்கள். புது ஒட்டோடு புது ஓட்டையும் சேர்வது அந்தக் கடைசி லீவரால்தான்.

நேரம் முடிகிறதென்று கை காட்டுகிறார்கள். டியூப்லெஸ் பற்றிப் பேச இன்று இடமில்லை. ஒன்று மட்டும்: வால்வு அடியில் கிழிந்தால் எந்த ஒட்டும் நிற்காது. டயர் ஓரத்தில் 2.50-17, 2.75-17 என்று அச்சிட்டிருக்கும் அளவைப் பார்த்து, புது டியூப் ஒன்றை பவுடர் தூவி, பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஸ்பேனர் முனை உரசாத இடத்தில் வையுங்கள். வணக்கம்.