நாற்காலியும் மாரடைப்பும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஓர் அரசு அலுவலகத்தை மனக்கண்ணில் பாருங்கள். வாசலில் காவலாளி. உள்ளே கோப்புகளைச் சுமந்து மாடிக்கு மாடி ஏறி இறங்கும் கடைநிலை ஊழியர். அடுத்து எழுத்தர்கள், கண்காணிப்பாளர். கடைசியில், கதவில் பெயர்ப்பலகை மாட்டிய அறையில் பெரிய அதிகாரி. இவர்களில் யாருக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு அதிகம்?

சமூக மருத்துவம் கற்பித்த காலத்தில் ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் இந்தக் கேள்வியைத்தான் கேட்பேன். பெரிய அதிகாரிக்குத்தான் என்று மாணவர்கள் ஒருமித்துச் சொல்வார்கள். பொறுப்பு அதிகம், கவலை அதிகம், நாளெல்லாம் நாற்காலி. நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

லண்டனில் ஒயிட்ஹால் என்றொரு வீதி. பிரிட்டிஷ் அரசின் முக்கிய அலுவலகங்கள் அங்கேதான் இருக்கின்றன. அரசு ஊழியர்களான ஆண்களை 1967இல் பரிசோதிக்கத் தொடங்கினார்கள். பதினேழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். இரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, ஏழரை ஆண்டுகள் யார் பிழைத்திருக்கிறார், யார் இறந்தார் என்று கவனித்தார்கள். 1978இல் முடிவு வெளியானது. இதய நோயால் கடைநிலையில் இருந்த ஏவலர்கள் இறந்த விகிதம், உயர் அதிகாரிகளின் விகிதத்தைப்போல் 3.6 மடங்கு!

அந்த 3.6ஐவிட என்னை அதிகம் உலுக்கியது நடுவில் இருந்தவர்களின் கணக்கு. உயர் அதிகாரிக்கு ஒரு படி கீழே இருந்தவருக்கு அவரைவிட ஆபத்து அதிகம். அவருக்குக் கீழே இருந்த எழுத்தருக்கு இன்னும் அதிகம். மாடிப்படி இறங்குவதுபோல, ஒவ்வொரு படிக்கும் ஆயுள் குறைகிறது. ஏழைக்கு நோய் வரும் என்பது நமக்குத் தெரியும். ஆனால் இவர்களில் யாரும் தெருவில் கிடந்தவர்கள் அல்லர். நிரந்தர வேலை, மாதச் சம்பளம், ஓய்வூதியம் எல்லாம் உண்டு. மருத்துவமனைக்குப் போனால் காசும் வாங்குவதில்லை; 1948 முதல் அந்த நாட்டில் அப்படித்தான். சிகிச்சை எல்லாருக்கும் ஒன்றே. இதை மறுபடியும் சொல்கிறேன், சிகிச்சை எல்லாருக்கும் ஒன்றே. அப்படியிருந்தும் ஏவலர் முன்னதாகப் போய்ச் சேர்ந்தார்.

"கீழ்நிலையில் இருப்பவர்கள் புகைப்பார்கள், அதுதான் காரணம்" என்று சிலர் உடனே தீர்ப்பு எழுதினார்கள். புகைக்காதவர்களைத் தனியே பிரித்துப் பார்த்தபோதும் அதே படிக்கட்டுதான் தெரிந்தது. புகை, கொழுப்பு, இரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கூட்டினாலும் வித்தியாசத்தில் பாதிகூட விளங்கவில்லை. நோயாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எவ்வளவு எளிது பாருங்கள்!

மருத்துவ ஆய்வாளர் மைக்கேல் மார்மட் தலைமையில் 1985இல் இரண்டாவது ஆய்வு தொடங்கியது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், இம்முறை பெண்களும் உண்டு. அதில் தெரியவந்த முக்கியமான செய்தி, தன் வேலையின்மீது தனக்கே பிடி இல்லாதவர்களிடம் இதய நோய் அதிகம் என்பது. எதை முதலில் செய்வது, எப்போது சற்று ஓய்வது என எதையும் தானே முடிவு செய்ய முடியாமல், மணியடித்தால் ஓட வேண்டிய வாழ்க்கை. அது இதயத்தைத் தின்கிறது. உங்கள் வீட்டில் யாராவது அப்படி வேலை பார்க்கிறார்களா? அவர்கள் முகம் இப்போது உங்கள் கண்முன் வந்திருக்கும்.

இந்தக் கணக்குகளைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது அல்லவா? யூனிவர்சிட்டி காலேஜ் லண்டன் பல்கலைக்கழகத்தில் 2011இல் சுகாதாரச் சமத்துவத்துக்கென ஒரு நிறுவனம் மார்மட் தலைமையில் உருவானது. அங்கே படுக்கைகள் கிடையாது, ஊசி போடுவதும் கிடையாது. குளிரில் உறையும் வீடு, கட்டுப்படியாகாத கூலி, பிள்ளைகளின் முதல் ஐந்து வயது ஆகியவைதான் அவர்கள் கவனிக்கும் நோய்கள். அவர்களுடைய 2020 அறிக்கை மனத்தைக் கனக்கச் செய்தது. இங்கிலாந்தில் மக்களின் சராசரி ஆயுள் உயர்வது ஏறத்தாழ நின்றுபோயிருந்தது. லண்டனுக்கு வெளியே மிக வறிய பகுதிகள் பலவற்றில் பெண்களின் ஆயுள் குறைந்தே போயிருந்தது. செல்வம் மிகுந்த ஒரு நாட்டில்!

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். உடல்நல ஏற்றத்தாழ்வைக் குறைக்க மார்மட் சொன்ன பரிந்துரைகளை 2013இல் ஏற்றுக்கொண்ட நகரம் அது. அந்த முயற்சியில் தீயணைப்புத் துறையும் சேர்ந்துகொண்டது. புகை எச்சரிக்கைக் கருவி பொருத்த வீட்டுக்குள் போகும் தீயணைப்பு வீரர், அங்கே தனியாக இருக்கும் முதியவருக்குக் குளிர் தாங்குகிறதா, தடுக்கி விழுந்துவிடும் நிலை இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு வருகிறார்.

நன்றி, வணக்கம்.