அழுத பிள்ளையும் மார்லி மாட்லினும்

(எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, பேரூராட்சித் தலைவர் அம்மையார் அவர்களே, இன்னும் பத்து நிமிடத்தில் கிளம்பியாக வேண்டும் என்று என் காதில் சொல்லிவிட்டு அரை மணி நேரமாகப் பொறுமையாக உட்கார்ந்திருக்கும் வட்டாட்சியர் அவர்களே, நாற்காலிகளை வாடகை வாங்காமல் அனுப்பிவைத்த கல்யாண மண்டபத்து முதலாளி அவர்களே, நூலகர் அவர்களே, மைக் செட் தம்பி அவர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

இன்னொருவருக்குத் தனியாக ஒரு வணக்கம். எனக்கு வலது பக்கம் நின்றுகொண்டு, நான் வாயால் கொட்டுவதையெல்லாம் கையால் அள்ளிக் கொடுத்துக்கொண்டிருக்கும் சைகை மொழித் தங்கை அவர்கள். நான் வேகமாகப் பேசினால் என்னை முறைப்பதாகச் சொல்லியிருக்கிறார். மூன்றாவது வரிசையில் இருக்கும் பன்னிரண்டு பேருக்காக அவர் வந்திருக்கிறார். அந்தப் பன்னிரண்டு பேரும் இப்போது இரண்டு கைகளையும் தூக்கி விரல்களை ஆட்டுகிறார்கள், பாருங்கள். அதுதான் அவர்கள் கைதட்டல்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். இந்தப் பழமொழி இல்லாமல் நான் எந்த மேடையிலிருந்தும் இறங்கியதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். போன வருடம் இதே இடத்தில் நூலகக் கூரை ஒழுகுகிறது என்று பேசினேன். அப்போதும் இதைத்தான் சொன்னேன். கூரைக்கு ஓடு வந்துவிட்டது. வட்டாட்சியர் சிரிக்கிறார்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, ‘அமெரிக்கத் திரை நடிகை ஒருவரின் வாழ்வும் பணியும்’. மூன்று செய்திகள் சொல்லப்போகிறேன். ஒன்று, மார்லி மாட்லின் யார் என்பது. இரண்டு, அவருடைய தொலைக்காட்சி நடிப்பு. மூன்று, அவரால் நமக்கு என்ன என்பது.

மார்லி மாட்லின் 1965 ஆகஸ்ட் 24 அன்று பிறந்தவர். சிகாகோவை ஒட்டிய மார்ட்டன் குரோவ் என்ற ஊரில் வளர்ந்தார். ஒன்றரை வயதில் காது கேட்காமல் போனது. அப்பா, அம்மா, இரண்டு அண்ணன்கள் எல்லாருக்கும் காது கேட்கும். வீட்டில் அவர் ஒருவருக்கு மட்டும்தான் கேட்காது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன். காதுகேளாத பிள்ளைகளுக்கான கலை மையம் ஒன்று பக்கத்தில் இருந்தது. ஏழு வயதில் அங்கே மேடை ஏறினார். மார்லிக்குப் பன்னிரண்டு வயதானபோது, அமெரிக்கத் தொலைக்காட்சியில் அப்போது கொடிகட்டிப் பறந்த ஹென்றி விங்க்ளர் அந்த மையத்தின் நிகழ்ச்சியைப் பார்க்க வந்தார். இந்தப் பொடிசு நேராக அவரிடம் போய், ‘நான் உங்களைப் போல நடிகர் ஆகப்போகிறேன்’ என்றது. பெரியவர்கள் அப்படிப்பட்ட ஆசையை வளர்க்க வேண்டாம் என்று தயங்கினார்கள். விங்க்ளர் வளர்த்துவிட்டார். பின்னாளில் அவர் வீட்டிலேயே மார்லி இரண்டு வருடம் தங்கியிருந்தார். 1993-ல் மார்லியின் கல்யாணம் நடந்ததும் அந்த வீட்டில்தான்.

இந்த இடத்தில் என் மாமாவைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், சுருக்கமாகச் சொல்கிறேன்.

என் அம்மாவின் தம்பி. தையல்காரர். பிறவியிலேயே காது கேட்காது. எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில் படம் மாறினால் முதல் ஆளாக மணலில் இடம் பிடித்துவிடுவார். எனக்கு அப்போது ஒன்பது வயது. என்னைக் கூட்டிப்போவார், முறுக்கு வாங்கித் தருவார். எதற்கு? திரையில் என்ன பேசுகிறார்கள் என்று நான் கையால் சொல்ல வேண்டும். எங்களுக்கென்று ஒரு பாஷை. மீசையை முறுக்கினால் வில்லன். மூக்கைத் தொட்டால் மூக்குத்திக்காரி, அதாவது கதாநாயகி. வயிற்றைத் தட்டினால் நகைச்சுவை நடிகர். நீதிமன்றக் காட்சி வந்தால் எனக்கு உயிர் போகும். அவ்வளவு நீள வசனத்தை ஒன்பது வயதுப் பையன் எந்தக் கையால் சொல்வான்? ஒருநாள் அலுத்துப்போய்ப் பொய் சொல்ல ஆரம்பித்தேன். வில்லனும் கதாநாயகனும் கூடப்பிறந்தவர்கள் என்று சொல்லிவிட்டேன். அப்புறம் அதைக் காப்பாற்ற அம்மாவை நோயாளியாக்கினேன், நகைச்சுவை நடிகரைத் திருடனாக்கினேன். மாமா கண்ணில் தண்ணீர். மறுநாள் டீக்கடையில் அந்தக் கதையை அபிநயம் பிடித்து எல்லாருக்கும் சொல்லியிருக்கிறார். டீ மாஸ்டர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: “டேய், நான் பார்த்த படத்துல இதெல்லாம் இல்லையே, நீங்க எந்தக் கொட்டகையில பார்த்தீங்க?”

சிரிக்கிறீர்கள். நானும் இருபது வருடம் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இன்னொரு பாதி இருக்கிறது, அதை மேடையில் சொன்னதில்லை. வீட்டில் டிவி வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு எல்லாரும் கூடி உட்காருவோம். எல்லாரும் சிரிப்போம். ஒரு நொடி கழித்து மாமாவும் சிரிப்பார், எங்கள் முகத்தைப் பார்த்து. பிறகு என் முழங்கையைத் தொட்டு, என்ன என்று புருவத்தைத் தூக்குவார். நான் அதற்குள் வளர்ந்துவிட்டேன். படத்தைப் பார்க்கிற அவசரம். உள்ளங்கையைக் கீழே அமுக்கிக் காட்டுவேன். ‘அப்புறம் சொல்கிறேன்’ என்று அர்த்தம். அந்த ‘அப்புறம்’ ஒரு நாளும் வந்ததில்லை. மாமா போய்ப் பதினாறு வருடம் ஆகிறது.

சரி, மார்லிக்கு வருவோம்.

காதுகேளாத ஒரு பெண்ணுக்கும் அவளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்தே தீருவேன் என்று நிற்கும் ஆசிரியருக்கும் நடுவே வரும் காதல், மோதல். இப்படி ஒரு நாடகம் நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்கில் பெயர் வாங்கியிருந்தது. அதன் சிகாகோ அரங்கேற்றத்தில் மார்லி சின்ன வேடத்தில் நடித்தார். அதுவே படமானபோது பெரிய வேடத்துக்குத் தேர்வானார். ராண்டா ஹெய்ன்ஸ் இயக்கத்தில் 1986-ல் படம் வந்தது. அவருடைய முதல் படம் அதுதான். 1987 மார்ச் 30, ஆஸ்கர் மேடை. போட்டியில் யார் யார் தெரியுமா? ஜேன் ஃபோண்டா, சிசி ஸ்பேசெக், கேத்லீன் டர்னர், சிகோர்னி வீவர். பெயரைப் படித்தவர் அந்தப் படத்தின் நாயகன் வில்லியம் ஹர்ட். மார்லிக்கு அப்போது வயது 21. சிறந்த நடிகை விருதை வாங்கியவர்களில் இவரைவிட வயது குறைந்தவர் இன்றுவரை இல்லை. காதுகேளாத ஒருவர் ஆஸ்கர் வாங்கியதும் அதுவே முதல் தடவை. மூக்குக் கண்ணாடி போட்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு வந்து, நன்றியைக் கையால் சொன்னார்.

மறுநாளே ஒரு விமர்சகர், இது இரக்கப்பட்டுப் போட்ட ஓட்டு என்று எழுதினார். இன்னொன்றும் உண்டு. ஹர்ட் தன்னை அடித்துத் துன்புறுத்தியதாக மார்லி 2009-ல் தன் வாழ்க்கைக் கதையில் எழுதினார். போதைப் பழக்கத்திலிருந்து மீளச் சிகிச்சையில் சேர்ந்ததையும் அதில் மறைக்கவில்லை. அதாவது அந்த மேடையில் பூ வைத்துக்கொண்டு நின்ற பெண் உள்ளுக்குள் வேறு என்னென்னவோ சுமந்துகொண்டு நின்றிருக்கிறார். குழந்தைகள் இருக்கிற சபை, இதோடு விடுகிறேன்.

ஆஸ்கர் வாங்கிய அடுத்த வருடம், அதே விழாவில் விருது கொடுக்க வந்தபோது மார்லி பெயர்களை வாயால் சொன்னார். கைதட்டல் அள்ளியது. ஆனால் காதுகேளாதவர்கள் சிலர் கோபித்துக்கொண்டார்கள். நம் பாஷை கையில் இருக்க, கேட்கிறவர்களைத் திருப்திப்படுத்த வாயைத் திறந்தாயே என்று. அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. 22 வயதுப் பெண்ணின் ஆசையும் புரிகிறது. இதில் தீர்ப்புச் சொல்ல நான் யார்?

அதற்கு முந்தைய மாதம், 1988 மார்ச்சில், வாஷிங்டனில் இன்னொன்று நடந்தது. காலடெட் என்று ஒரு பல்கலைக்கழகம். காதுகேளாதவர்களுக்காக 1864-ல் தொடங்கியது. 124 வருடத்தில் காதுகேளாத ஒருவர்கூட அதன் தலைவராக இருந்ததில்லை. மறுபடியும் காது கேட்கும் ஒருவரைத் தலைவராக்கினார்கள். மாணவர்கள் வாசல் கதவைப் பூட்டிவிட்டார்கள். மார்லி தேசிய தொலைக்காட்சியில் அந்த மாணவர் தலைவரோடு சேர்ந்து பேசினார். ஒரே வாரத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது. காதுகேளாத பேராசிரியர் ஒருவர் தலைவரானார்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பிள்ளை அழுதால் போதாது, அழுகை யார் காதிலாவது விழ வேண்டும். காதுகேளாத பிள்ளை வருடக்கணக்காக அழுகிறது. காது இருக்கிற நமக்குத்தான் விழவில்லை. இந்த லட்சணத்தில் ‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ என்று வேறு பழமொழி வைத்திருக்கிறோம். முப்பது வருடம் வகுப்பறையில் நானே அதைச் சொல்லியிருக்கிறேன், அதுவும் அந்த மாமாவின் மருமகனாக இருந்துகொண்டு. இன்றோடு விட்டுவிட்டேன். தங்கை அதை எப்படிக் கையால் சொன்னார் என்று தெரியவில்லை, மூன்றாவது வரிசை என்னை ஒரு மாதிரி பார்க்கிறது.

தலைவரிடமிருந்து துண்டுச்சீட்டு வந்துவிட்டது. ஐந்து நிமிடம். இரண்டாவது செய்தியான தொலைக்காட்சி நடிப்பைப் பற்றி நிறையக் குறிப்பு எடுத்து வந்திருந்தேன். 1991-ல் தொடங்கிய தொடரில் அரசு வழக்கறிஞராக நடித்தார், 1993-ல் நகைச்சுவைத் தொடர் ஒன்றில் உதட்டசைவைப் படிக்கிற பெண்ணாக வந்து வயிற்றைப் புண்ணாக்கினார், 2000-லிருந்து வெள்ளை மாளிகைத் தொடரில் தேர்தல் கருத்துக்கணிப்பாளராக வந்தார். அந்தக் கருத்துக்கணிப்பாளர் பாத்திரத்துக்குக் காது கேட்காது என்பது அவளைப் பற்றிய பல செய்திகளில் ஒன்று, அவ்வளவுதான். இதை மட்டும் தனியாக ஒருநாள் பேசலாம். நூலகர் தேதி கொடுக்கட்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். திரையின் கீழே ஓடுகிற எழுத்து. கேப்ஷன் என்கிறார்களே, அது.

அமெரிக்காவில் 1980-ல் அது வந்தபோது, எழுத்தைப் பார்க்கத் தனியாக ஒரு பெட்டி வாங்கி டிவியோடு மாட்ட வேண்டும். காசு உள்ளவர் வாங்கினார். 1990-ல் சட்டம் போட்டார்கள். 1993 ஜூலைக்குப் பிறகு விற்பனைக்கு வரும், 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள எல்லா டிவியிலும் அந்த வசதி உள்ளேயே இருக்க வேண்டும். இதற்காகக் குரல் கொடுத்தவர்களில் மார்லியும் ஒருவர். குரல் என்ற சொல்லையே பாருங்கள், வேறு சொல் எனக்கு அகப்படவில்லை.

2021-ல் ‘கோடா’ படம் வந்தது. மீன்பிடிக் குடும்பம், அப்பா, அம்மா, அண்ணனுக்குக் காது கேட்காது, மகளுக்குக் கேட்கும். மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, மார்லியின் வீட்டுக்கு நேர்மாறு. மார்லி அம்மாவாக நடித்தார். அப்பா வேடத்துக்குக் காது கேட்கும் பெரிய நடிகரைப் போடலாமே என்று பணம் போடுகிறவர்கள் இழுத்தபோது, அப்படியானால் நான் இல்லை என்று சொல்லிவிட்டார். அந்த வேடம் ட்ராய் காட்சருக்குப் போனது. 2022-ல் அவர் ஆஸ்கர் வாங்கினார். மார்லிக்குப் பிறகு நடிப்புக்காக ஆஸ்கர் வாங்கிய காதுகேளாதவர் அவர்தான், 35 வருடம் கழித்து. சிறந்த படம் என்ற விருதும் அதற்கே.

2023 ஜனவரியில் சன்டான்ஸ் திரைப்பட விழா. மார்லி நடுவர். எழுத்தைக் காட்டும் கருவி ஒன்றைக் கையில் கொடுத்து உட்காரவைத்தார்கள். படம் ஓடத் தொடங்கியது, கருவி வேலை செய்யவில்லை. அவர் எழுந்து வெளியே வந்தார். கூட இருந்த நடுவர்கள் இரண்டு பேரும் எழுந்து வந்துவிட்டார்கள். ‘நீங்கள் போங்கள், நாங்கள் பார்த்துவிட்டு அப்புறம் சொல்கிறோம்’ என்று சொல்லவில்லை. அந்தச் செய்தியைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதே ஜனவரியில்தான் டெல்லி உயர் நீதிமன்றம், ஓடிடியில் வரவிருந்த ஒரு பெரிய இந்திப் படத்துக்கு எழுத்தும், பார்வையற்றவர்களுக்காகக் காட்சியைக் குரலில் சொல்லும் விவரிப்பும் சேர்க்கச் சொன்னது. நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 42-ம் பிரிவு. திரையரங்குகளுக்கான வழிகாட்டு நெறிமுறைகளை ஒன்றிய அரசு 2024 மார்ச்சில் வெளியிட்டது. ஆனால் இன்று ராத்திரி வீட்டுக்குப் போய் டிவியைப் போடுங்கள். எந்தத் தமிழ்த் தொடருக்குக் கீழே தமிழ் எழுத்து ஓடுகிறது? செல்போனில் பார்க்கும் தமிழ்ப் படங்களுக்குப் பெரும்பாலும் ஆங்கில எழுத்து ஓடுகிறது. தமிழ் வழியில் பத்தாவது வரை படித்த காதுகேளாத பெண் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்?

வசனத்தை மட்டும் எழுதினாலும் போதாது. ‘கதவு தட்டும் சத்தம்’, ‘தூரத்தில் நாய் குரைக்கிறது’ என்று எழுத வேண்டும். மூன்றாவது வரிசையில் கோடு போட்ட சட்டை போட்டிருக்கும் நண்பர் போன வாரம் எனக்கு எழுதிக் காட்டினார்: ‘கதாநாயகன் எதற்கு எடுத்ததற்கெல்லாம் சட்டென்று திரும்புகிறான் என்று சின்ன வயதிலிருந்து யோசித்திருக்கிறேன்.’

ஒரு தொலைக்காட்சி நிலையத்துக்கு நான்கு கடிதம் எழுதினேன். ஒன்றுக்குப் பதில் வந்தது, தங்கள் ஆலோசனைக்கு நன்றி என்று. ஒருவன் அழுதால் அப்படித்தான். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும், ஊரே சேர்ந்து அழுதால் பண்ணைக்காரன் மாட்டோடு வருவான்.

வட்டாட்சியர் எழுந்துவிட்டார். ஐயா, போகிற வழியில் வாசலில் ஒரு மேசை இருக்கிறது. அதில் மனு இருக்கிறது. முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும் என்று இடம் விட்டு வைத்திருக்கிறோம். அதிகாரி என்ற முறையில் முடியாது என்றால் டிவி பார்க்கிறவர் என்ற முறையில் போடுங்கள். மற்றவர்களும் வரிசையில் வாருங்கள். பேனாவை நூல் கட்டி மேசையில் மாட்டியிருக்கிறோம், போன வருடம் மூன்று பேனா காணாமல் போனது. வணக்கம்.