தப்பு செய்த பிறகு தன்னோடு பேசுவது

“தன்னை மன்னிப்பது” பற்றி இன்று இந்தக் கூட்டத்தில் பேசுகிறேன் என்றதும், தப்பு செய்தவன் நழுவிக்கொள்ள ஏதோ வழி சொல்லித்தரப் போகிறேன் என்று உங்களில் சிலர் நினைத்திருக்கலாம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். என் எண்ணத்தை மாற்றியது 2010-ல் வெளியான ஓர் ஆய்வு. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் வோல் குழுவினர் 119 முதலாண்டு மாணவர்களிடம், இரண்டு இடைப்பருவத் தேர்வுகளுக்குச் சற்று முன்னால், படிக்காமல் எவ்வளவு தள்ளிப்போட்டீர்கள், அதற்காக உங்களை எவ்வளவு மன்னித்தீர்கள் என்று கேட்டார்கள். முதல் தேர்வுக்குத் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை அதிகம் மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்கு அவ்வளவாகத் தள்ளிப்போடவில்லை. தன்னைத் திட்டிக்கொள்பவன்தான் திருந்துவான் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோமே, அதை யோசித்துப் பாருங்கள்.

காரணம் எளிமையானது. மன்னித்ததும் மனதில் இருந்த கசப்பு குறைந்தது. புத்தகத்தைத் திறந்தாலே “நான் உருப்படாதவன்” என்ற நினைப்பு வருகிறது என்றால் கை புத்தகத்துக்கா போகும், போனுக்குத்தான் போகும்.

ஒரு மாணவனை நினைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் சேர்ந்து செய்யும் ப்ராஜெக்டில் தன் பங்கை முடிக்காமல் விட்டான், மற்ற மூன்று பேருக்கும் மார்க் போனது. “இப்படிச் செய்துவிட்டேனே” என்று அவன் வருந்தினால் அது குற்ற உணர்வு. “நான் இப்படிப்பட்டவன்தான்” என்று சுருங்கிப்போனால் அது வெட்கம். ஜூன் டாங்னி என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்தது இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான். குற்ற உணர்வு உள்ளவன் மன்னிப்புக் கேட்கவும், போனதைச் சரிசெய்யவும் வழி தேடுகிறான், ஏனென்றால் அவன் கண்ணுக்குத் தெரிவது செய்த காரியம், அதை மாற்ற ஏதாவது செய்ய முடியும். வெட்கம் பிடித்தவன் அந்த மூன்று பேரும் வரும் வழியில் போகாமல் ஒளிகிறான், சில சமயம் அவர்கள் மேலேயே எரிந்து விழுகிறான். வெளியிலிருந்து பார்த்தால் திமிர் மாதிரி இருக்கும், உள்ளே வேறு.

இதோடு இரண்டு விஷயங்கள் சேர்ந்தால் சிக்கல் இன்னும் இறுகும். ஒன்று, நடந்ததையே திரும்பத் திரும்ப மனதில் ஓட்டிப்பார்ப்பது. யோசிக்கிற மாதிரிதான் இருக்கும், ஆனால் ஒரு முடிவுக்கும் வராது. இன்னொன்று, கொஞ்சம்கூடப் பிசகக் கூடாது என்ற பிடிவாதம், அதுவும் மற்றவர்கள் என்னிடம் அப்படித்தான் எதிர்பார்க்கிறார்கள் என்ற நம்பிக்கையில் வருவது.

சரி, நழுவுகிறவன் விஷயத்துக்கு வருவோம். “அது ஒண்ணும் பெரிய தப்பில்லை, அவங்க ஞாபகப்படுத்தியிருக்கலாமே” என்கிறான் பாருங்கள், அவனும் நிம்மதியாகத்தான் இருக்கிறான். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் லிடியா வுட்யாட்டும் மைக்கேல் வென்செலும் இதைப் போலியான மன்னிப்பு என்று பிரித்துக் காட்டினார்கள். உண்மையானதில் தப்பை முழுசாக ஒப்புக்கொள்ள வேண்டும், அது வலிக்கும், அந்த வலியைத் தாண்டித்தான் போக வேண்டும். குறுக்கு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஜூலி ஹால், ஃபிராங்க் ஃபிஞ்சம் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மாணவர்களைப் பல வாரங்கள் தொடர்ந்து கவனித்து 2008-ல் எழுதினார்கள். குற்ற உணர்வு தணியத் தணிய, பாதிக்கப்பட்டவரிடம் சமாதானமாகப் போகும் முயற்சி கூடக் கூட, தன்னை மன்னிப்பதும் கூடியது. அதனால் அந்த மாணவன் முதலில் போக வேண்டிய இடம் அந்த மூன்று பேரிடம். “என்னால்தான் போச்சு, அடுத்த ப்ராஜெக்டில் என் பங்கை முதலிலேயே முடித்துத் தருகிறேன்” என்று சொன்னால் போதும், நீளமான விளக்கம் வேண்டாம். அவர்கள் உடனே மன்னிக்காமலும் போகலாம், அது அவர்கள் உரிமை.

அப்புறம் ஒன்று, இதை மறக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு இன்னொருவர் செய்த கொடுமைக்காக உங்களையே பழித்துக்கொண்டு இருக்கிறீர்கள் என்றால் நான் இதுவரை பேசியது எதுவும் உங்களுக்குப் பொருந்தாது, அங்கே நீங்கள் மன்னிக்க வேண்டிய தப்பு உங்களிடம் இல்லை. தூக்கம் போய், இருந்து என்ன பயன் என்ற நினைப்பு வருகிறவர்களும் தனியாகச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். இன்றைக்கே ஒரு கவுன்சிலரையோ டாக்டரையோ பாருங்கள், தயக்கமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நான் கூட்டம் முடிந்தும் இங்கேதான் இருப்பேன்.