‘சிஸ்டம் ரிஜெக்ட்’: காரணம் சொல்ல யார் இருக்கிறார்?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்தில் கூடியிருக்கும் அவையோர்க்கு வணக்கம். சென்ற ஆண்டு செந்தூலில் வாடகை வீடு தேடிய என் அக்காள் மகனுக்கு, வீட்டு முகவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பதில் இரண்டே சொல்: ‘சிஸ்டம் ரிஜெக்ட்’. எந்த சிஸ்டம், என்ன காரணம் என்று நான் கேட்டபோது தமக்கும் தெரியாது என்றார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. இந்தியர்களுக்கு வீடு இல்லை என்று விளம்பரத்திலேயே போடுகிறவரையாவது முகத்துக்கு நேரே கேட்கலாம். கணினி போடும் மதிப்பெண்ணிடம் என்ன கேட்பது?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு பெண்மணிக்கும் இதே கதிதான். அவருடைய வாடகையில் பெரும்பகுதியை அரசின் உதவிச் சீட்டு கட்டிவிடும். அதைக் கணக்கில் கொள்ளாமல் வாடகைக்கு வருவோரை எடைபோடும் சேஃப்ரெண்ட் நிறுவனத்தின் மதிப்பெண் பழைய கடன்களை எடைபோட்டது என்பதே வழக்கு. மேல்முறையீடு ஏற்பதில்லை என்று அவருக்குப் பதில் வந்திருந்தது. 2024இல் அந்த வழக்கு 20 லட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகைக்குச் சமரசமாயிற்று. நிறுவனம் தவற்றை ஒப்புக்கொள்ளவில்லை. அதே ஆண்டு மே மாதம் கொலராடோ மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. வீடு, கடன் போன்றவற்றில் கணினியின் துணையோடு பாதகமான முடிவு எடுத்தால், முக்கியக் காரணத்தைச் சொல்ல வேண்டும், தவறான தரவைத் திருத்த வாய்ப்பளிக்க வேண்டும், இயன்றவரை மனிதர் ஒருவர் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றது அது. அமலுக்கு வரும் நாளை மறு ஆண்டே தள்ளிப்போட்டார்கள். அது வேறு கதை.

நமக்கு மலேசிய அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு இருக்கிறதே என்பீர்கள். அந்தச் சமத்துவம் அரசைத்தான் கட்டுப்படுத்தும், தனியாரை அல்ல என்று விமானப் பணிப்பெண் ஒருவரின் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் 2005இல் சொல்லிவிட்டது. கடன் தகவல் நிறுவனங்களுக்கான 2010ஆம் ஆண்டுச் சட்டம், நம்மைப் பற்றிய அறிக்கையைப் பார்க்கவும் திருத்தக் கோரவும் உரிமை தருகிறது. நல்ல சட்டம்தான். ஆனால், பதிவில் இருப்பதைத் திருத்தலாம். இல்லாததை என்ன செய்வது? மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சிசிரிஸ் என்னும் கடன் அறிக்கை கடந்த 12 மாதக் கடன் தவணைகளைக் காட்டும். வீட்டு வாடகை அதில் ஏறாது. என் அக்காள் 11 ஆண்டு வாடகை ரசீதுகளைப் பிஸ்கட் டின்னில் ரப்பர் பட்டை போட்டு வைத்திருக்கிறார். பாதிக்கு மேல் மை மங்கிவிட்டது.

குடியிருப்பு வாடகைச் சட்டம் பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசி வருகிறோம். அதில் நான் வேண்டுவது ஒரே விதி: மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும், ரசீதுகளைப் பார்த்து அந்த முடிவை மாற்றும் அதிகாரம் படைத்தவர் பெயரும் அதே கடிதத்தில் இருக்க வேண்டும்.