தூத்தூர் மணலில் ரஹீம் வாத்தியாரின் விதி

வணக்கம் மக்களே. தூத்தூர் கடற்கரையில் நிற்கிறேன். காற்று மைக்கில் மோதும், பொறுத்துக்கொள்ளுங்கள். போன வாரம் எங்கள் சாயங்காலக் கால்பந்து ஆட்டத்தில் ஒரு விதி வைத்துப் பார்த்தோம். பந்து காலுக்கு வந்தால் வெட்டி வெட்டி ஓடக் கூடாது, உடனே பாஸ். பத்து நிமிஷத்தில் பாதிப் பேர் சண்டைக்கு வந்துவிட்டார்கள். விதியைக் கொண்டுவந்த நானே இரண்டு தடவை மீறினேன்.

இது நான் கண்டுபிடித்தது இல்லை. ஹைதராபாத்தில் சையத் அப்துல் ரஹீம் வைத்த விதி. அடிப்படையில் பள்ளிக்கூட வாத்தியார். ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியை வளர்த்தவர், 1950இல் தொடங்கி 1963இல் சாகும்வரை இந்திய அணியின் பயிற்சியாளர். டிரிப்ளிங், அதாவது வெட்டி வெட்டி ஓடுவது, இல்லாத போட்டிகள், பழக்கமில்லாத காலால் மட்டும் அடிக்கிற போட்டிகள் என்று நடத்தியிருக்கிறார். உலகக் கோப்பை வந்தால் நாம் பிரேசில், அர்ஜென்டினா கொடி கட்டுகிறோம். இவர் பெயரைச் சொன்னால் இங்கே 'யாருல அது?' என்றுதான் கேட்கிறார்கள்.

1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் நம் ஆட்களில் பலர் வெறுங்காலோடு இறங்கினார்கள். யூகோஸ்லாவியா 10-1 என்று அடித்துப் போட்டது. அடுத்த ஒலிம்பிக், 1956 மெல்போர்ன். ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே 4-2 என்று ஜெயித்தோம், நெவில் டிசோசா ஹாட்ரிக். கடைசியில் நான்காம் இடம். நான்கே வருஷத்தில்!

எனக்கு ரொம்பப் பிடித்தது 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுதான். முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2-0 தோல்வி. அடுத்து தாய்லாந்தோடு ஆடும்போது தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்கு மண்டை உடைந்து தையல் போட்டார்கள். வேறு யாராவது என்றால் பெஞ்சில் உட்கார வைத்திருப்பார்கள். ரஹீம் அவரைத் தூக்கி முன்வரிசையில் போட்டார். அரையிறுதியில் தென் வியட்நாமுக்கு எதிராக அவர் கோல் அடித்தார். இறுதிப் போட்டியில் மறுபடி அதே தென் கொரியா. மைதானம் முழுக்க நமக்கு எதிராகக் கூச்சல், அது அந்த நேரத்து அரசியல் தகராறு. முன்வரிசை ஆட்டக்காரர் பி.கே. பானர்ஜி ஒரு கோல், தையல் போட்ட தலையோடு ஜர்னைல் ஒரு கோல். 2-1, தங்கம். இதெல்லாம் நடக்கும்போது ரஹீமுக்குப் புற்றுநோய். அடுத்த ஜூனில் போய்விட்டார். அதற்கப்புறம் ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் நமக்குத் தங்கமே இல்லை. 1970இல் வெண்கலம் வந்தபோது பயிற்சியாளர்களில் ஒருவர் அதே பானர்ஜி. வாத்தியார் போனாலும் பாடம் கொஞ்ச காலம் ஓடியிருக்கிறது.

நம் கரையிலும் ஆள் இல்லாமல் இல்லை. பக்கத்து இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் 2019இல் இந்தியச் சட்டை போட்டவர். கால் புதைகிற மணலில் ஓடி வளர்கிற பிள்ளைகளுக்கு மூச்சு பலம் உண்டு. ஆனால் பந்து கிடைத்தால் எவனுக்கும் விட மனசு வராது. அங்கேதான் ரஹீம் தேவைப்படுகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, சண்டை எப்படி முடிந்தது என்றால், முதல் இருபது நிமிஷம் மட்டும் பாஸ் விதி, அப்புறம் அவரவர் இஷ்டம் என்று ஒத்துக்கொண்டார்கள். நேற்று அந்த இருபது நிமிஷத்தில் மூன்று கோல், மிச்ச நேரம் முழுக்க ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை இடதுகால் ஆட்டம். எனக்கு இடதுகால் சுத்தமாக வராது, வீடியோ எடுக்கிற வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.